கிறேனில் இருந்து கழற்றிய கம்பி

1983 மார்ச் 3
கொன்ரோலர் இன்றும் எரிந்தது. இந்த ஐஸ் கொம்பனியில் குளிரைக் கூட்டிக் குறைக்கும் அந்த யப்பான் பெட்டி இவ்வருடம் எரிவது இரண்டாம் தரம். கோப்பாயிலிருந்து சைக்கிளில் குருநகர் வந்து சேர, வாசலிலேயே மணம் அடித்தது. மோட்டர் தொடங்கும்போதெல்லாம் வோல்ற்றேஜ் துள்ளுகிறது. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் ஏர்த்தும் சரியில்லை. ஸ்ரெபிலைசர் வேண்டும், தரையை உடைத்துச் செப்புத் தகடு தாட்டு நல்ல ஏர்த் எடுக்க வேண்டும், மூன்று நாள் நிற்பாட்டினால் போதும் என்று முதலாளி கிறிஸ்துநாயகத்திடம் சொன்னேன்.
"மீன் படுற நேரத்திலை கொம்பனியைப் பூட்டச் சொல்லுறீரோ? நீர் எலெக்ரீசியனோ, எதிரியோ?"
வேலையாட்கள் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

ஏப்ரல் 19
கொழும்பிலிருந்து புதுக் கொன்ரோலர் வந்தது. பூட்டினேன். தரை உடைக்கவில்லை.

ஓகஸ்ட் 21
கொன்ரோலர் விற்ற கொழும்புக் கடையைப் போன மாதக் கலவரத்தில் கொளுத்திவிட்டார்கள். கடைக்காரர் உடுத்த உடுப்போடு அகதிக் கப்பலில் வந்து இறங்கினாராம். இனி இருப்பது பூட்டியிருக்கிற ஒன்றுதான்.
முதலாளி என் மேசைக்கே வந்தார். "தியாகராசா, இது எரிஞ்சால் உம்மடை வேலையும் எரிஞ்சுது."

ஓகஸ்ட் 23
ஐஸ் தகரங்களைத் தூக்கும் கிறேன் ஓடும்போதெல்லாம் கொன்ரோலர் தடுமாறுகிறது. இரண்டுக்கும் ஒரே ஏர்த். கிறேனில் கசிவது இதற்குள் வருகிறது. முதலாளியிடம் இன்னொரு செப்புக் கம்பி கேட்டேன்.
"இல்லை. இருக்கிறதை வைச்சுச் செய்யும்."
"கிறேனிலை கழட்டினால் ஆளுக்கு ஆபத்து."
"அது இரும்பு. அதுக்கு என்ன வரப்போகுது?"
ஆளுக்கு என்றுதான் சொன்னேன்.

ஓகஸ்ட் 24
கழற்றினேன். கிறேனின் ஏர்த் கம்பியைக் கொன்ரோலருக்குத் தனியாகக் கொடுத்தேன். இரண்டு நாளைக்குத்தான், வேறு கம்பி தேடி எடுக்கும்வரை. கொன்ரோலரின் முள் அசையவே இல்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன் — சந்தோசமாக இருந்தது.
கிறேனில் வேலை செய்கிறவர் சிமியோன் அண்ணை. நாள் முழுக்க உப்புத் தண்ணியில் வெறுங்கால். செருப்புப் போடுங்கோ என்றேன். "ஏன் தம்பி, எனக்குக் கலியாணமோ?" என்று சிரித்தார்.
காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் ஒருவரும் கிறேனைத் தொடமாட்டார்கள்.

ஓகஸ்ட் 26
இரண்டு நாள் முடிந்தது. கம்பி இல்லை.

ஓகஸ்ட் 30
சிமியோன் அண்ணை செத்துப்போனார்.

ஓகஸ்ட் 31
கிறேன் சங்கிலியைப் பிடிச்சவர் விடேல்லை. கரண்ட் பிடிச்சால் விட ஏலாது. நான் ஓடிப்போய் மெயினை நிப்பாட்ட — எவ்வளவு நேரம்? பத்து எண்ணுற நேரம். அதுக்குப் பிறகுதான் விழுந்தார். கம்பியைக் கழட்டினது என்ரை குறடு. என்ரை கை.
முதலாளி ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி: "கொன்ரோலருக்கு ஒண்டும் இல்லையே?"

செப்ரெம்பர் 2
பொலிசுக்குக் கொடுக்க முதலாளி கடிதம் தயாராக வைத்திருந்தார். 'மது போதையில், ஈரக் கையுடன்.' அண்ணை மாதாவுக்கு நேர்ந்து ஐந்து வருடமாகக் குடியைத் தொடாதவர். அதைச் சொன்னேன்.
"அப்ப, ஏர்த்தைக் கழட்டினது ஆர் எண்டு எழுதட்டோ? இல்லாட்டி நீர் கண்டதெண்டு கையெழுத்து வைக்கிறீரோ?"
வைத்தேன்.

செப்ரெம்பர் 5
கிறேனுக்குப் புது ஏர்த் கொடுத்தோம். செப்புக் கம்பி முழுச் சுருளாக ஸ்ரோருக்குள்தான் கிடந்திருக்கிறது. "வீட்டு மேல்மாடிக்கெண்டு எடுத்து வைச்சனான்" என்றார் முதலாளி. சாதாரணமாகத்தான் சொன்னார்.

செப்ரெம்பர் 19
அண்ணையின் மனைவி லூர்த்தம்மா அக்கா வந்தா. குடிகாரன்ரை பெண்சாதி என்று கோயிலில் சனம் கதைக்குதாம்.
"தம்பி, நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள். அவரிலை சாராய மணம் வந்ததோ? மெய்யைச் சொல்லுங்கோ."
"ஓம் அக்கா. கொஞ்சம்."
அந்தக் 'கொஞ்சம்' என்னத்துக்கு? இரக்கமோ?

1984 ஜனவரி 15
லூர்த்தம்மா அக்காவுக்குத் தரை கழுவும் வேலை எடுத்துக் கொடுத்து இரண்டு மாதம். முதலாளியிடம் கெஞ்சித்தான் எடுத்தேன். கொன்ரோலர் பிறகு ஒருநாளும் எரியவில்லை.
இன்று தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றா. பின்னேரச் செபத்தில் தகப்பனின் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டு முடிய, பிள்ளைகள் மூன்றும் என் பேரைச் சொல்லி மன்றாடுகிறார்களாம். சின்னவளுக்குத் தியாகராசா என்று வாயில் வராதாம்.
"ராசா மாமா எண்டு சொல்லுறாள், தம்பி" என்றா.