நாலாயிரத்து எண்ணூற்று ஒன்று

பிரிய மச்சான் ஏகாம்பரத்துக்கு,

எழுதுவது சுப்பராயன்தான். என் கையாலேயே எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். இந்த ஒரு தாளுக்கு மூன்று நாள் ஆகும். ஆகட்டும், உனக்கு அவசரமா என்ன?

உன் தறியில் கடைசியாக ஏற்றிய பாவு, அந்த நீள இழைகள், நினைவிருக்கிறதா? பழைய பாவோடு புதியதை இழைக்கு இழை, விரலில் சாம்பல் தொட்டுப் பிணைத்தோம். நாலாயிரத்து எண்ணூறும் முடிந்தபின் ஜோடியில்லாமல் ஓர் இழை நின்றது. வேறு யாராக இருந்தாலும் அறுத்துப் போட்டிருப்பார்கள். உனக்குப் பட்டு இழையை அறுக்க மனசு வரவில்லை. அதையும் சேர்த்துச் சேலையைச் சமமான கோடுகளாகப் பிரிக்கப் பார்த்தாய். ஏழாகப் பிரித்தால் ஆறு இழை மிச்சம். பதினொன்று என்றால் ஐந்து. பதின்மூன்று என்றால் நாலு. இரண்டு நாள் தறி நின்றது.

"இந்த எண்ணை எவனாலயும் சமமாப் பிரிக்க முடியாதுபா" என்றாய்.

எதிர்வீட்டு முனுசாமி சிரித்தான். "கைநாட்டு ஆளு, எண்ணுக்கு ஜாதகம் சொல்லிக்கினு இருக்கிறாரு. பிரிக்கத் தெரியலன்னு ஒத்துக்கயேன்."

நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளையார்பாளையம் டீக்கடையில் இன்றைக்கும் உன் பெயர் 'கணக்கு தெரியாத ஏகாம்பரம்'தான். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் சிலேட்டைத் தொட்டதே அதற்காகத்தான்.

வகுத்தல் படிந்ததும் உன் எண்ணைப் பிடித்தேன். இரண்டிலிருந்து அறுபத்தொன்பது வரை ஒன்று விடாமல் வகுத்தேன். ஒவ்வொன்றிலும் மிச்சம் வந்தது.

"அதோட நிறுத்திட்டீங்களே தாத்தா, இன்னும் எத்தனையோ எண் இருக்குதே" என்று டீச்சர் மடக்கினார்.

"எதுக்கும்மா? எழுபதை எழுபதால பெருக்கினாலே நாலாயிரத்துத் தொள்ளாயிரம், தாண்டிப் போயிடுது. எழுபதோ அதுக்கு மேலயோ ஒரு எண் சரியா வகுத்தா, எதிர்ல வர்ற ஈவு எழுபதுக்குள்ளதானே இருக்கணும்? அதையெல்லாம்தான் பாத்துட்டேனே."

டீச்சர் என் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். "இதுக்குப் பேரு பகா எண்" என்றார். கேட்டாயா மச்சான், நீ இழையைத் தடவிக் கண்டதற்குப் புத்தகத்தில் பெயரே இருக்கிறது.

சிலேட்டோடு நேரே டீக்கடைக்குப் போனேன். முனுசாமி மேலும் கீழும் பார்த்தான். "ஒண்ணு அதிகமா வந்ததால இந்தத் தொல்லை. ஒண்ணு குறைச்சலா வந்திருந்தா லட்டு மாதிரி பிரிஞ்சிருக்கும்" என்றான்.

விடுவேனா? நாலாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் நாலு நாள் உட்கார்ந்து வகுத்தேன். அதுவும் பகா எண். நடுவில் நாலாயிரத்து எண்ணூறு எப்படிக் கேட்டாலும் பிரிந்து கொடுக்கிறது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டும் அசைய மாட்டேன் என்கின்றன. ஏன் இப்படி? டீச்சருக்கும் தெரியவில்லை. எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை.

இது என் வாக்கு. இந்தத் தெருவில் உன்னைக் கணக்கு தெரியாதவன் என்று எவன் சொன்னாலும் சிலேட்டை அவன் மடியில் வைப்பேன். முதலில் வகுத்துக் காட்டட்டும். அதுவரை அவனை எழுந்திருக்க விடமாட்டேன்.

உன் வீட்டுக்காரிக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
சுப்பராயன்