சந்தியாகப்பர் வராத போர்

அன்புள்ள உங்களுக்கு,

நம் ஊர்க் கிளாவிஹோ போர் நடக்கவே இல்லை, முந்நூறு வருஷம் கழித்து யாரோ கட்டிவிட்ட கதை என்று அந்த ஆராய்ச்சிக்காரி ஐனோவா எழுதிய கட்டுரை தபாலில் வந்தது. உங்கள் பெயருக்குத்தான். பிரித்துவிட்டேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு தொமாசா, "உன் புருஷனும் அந்தப் பொண்ணும் லொக்ரோஞோ டவுன் கடையில ஒரே தட்டுல காளான் தின்னாங்கடி, என் கண்ணால பாத்தேன்" என்றாள். "பாத்தேன்னு சொன்னா ஆச்சா? எழுத்துல இருக்கா?" என்று உங்களைப் போலவே கேட்டு அனுப்பினேன்.

இப்போது எழுத்தில் இருக்கிறது. கட்டுரையின் கடைசியில், "ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் எனக்குத் தந்தவருக்கு" என்று நன்றி சொல்லி உங்கள் பெயரைப் போட்டிருக்கிறாள். ஞாயிறுதோறும் திராட்சைச் சங்கக் கூட்டம் என்றீர்களே.

அவள் அழகி என்றும் சொல்கிறார்கள். அதற்கு மட்டும் நான் ஆதாரம் கேட்கவில்லை.

நாளை போர்த் திருநாள். அந்தப் போரில் வெள்ளைக் குதிரையில் வந்து ஜெயித்துக் கொடுத்த சந்தியாகப்பராக வேஷம் கட்டுபவரின் குதிரையை அவர் மனைவிதான் பிடித்து நடத்த வேண்டும். பதினொரு வருஷம் உங்கள் குதிரையை நடத்தினேன். நாளையும் நடத்துவேன். நீங்கள் லொக்ரோஞோவிலேயே இருங்கள். சேணம் காலியாகவே போகட்டும்.

யாராவது கேட்டால், "சந்தியாகப்பர் வரவே இல்லையாம். எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமையெல்லாம் கூடவே இருந்து கண்டுபிடிச்சாரு" என்பேன்.

இப்படிக்கு,
கடிவாளம் பிடிப்பவள்