மடைக்கல்லில் ஏழு கோடுகள்

இரண்டு நாளாக வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. ஆசையாக நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் பொய். வயிற்றெரிச்சல்தான் முதலில் வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது, எனக்கும் எண்பது தாண்டிவிட்டது, இன்னும் தீரவில்லை பார்.

அறுபதுகளின் கடைசியில் நரிக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கு நீ வேலைக்கு வந்தபோது நான் அங்கே நான்கு வருஷமாக ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டைக் கடைக்காரர் வீட்டுப் பெண் என்ற மிடுக்கு வேறு எனக்கு. ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு பிரிவு கொடுத்தார்கள். பாடத்தில் 'கிராஜுவலி' என்ற சொல் வந்தது. நான் வழக்கம்போல 'படிப்படியாக' என்று பலகையில் எழுதி, பத்துத் தடவை எழுதச் சொன்னேன். எழுதினார்கள். வாக்கியத்தில் அமைக்கச் சொன்னால், வீரசோழன் பஸ் கிராஜுவலி வருகிறது என்றார்கள். தப்பு என்று சிவப்பு மையால் அடித்தேன். ஏன் தப்பு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

நீ உன் பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போனாய். வெள்ளிக்கிழமைதோறும், மடைக்கல்லில் தண்ணீர் நிற்கும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு.

"மெதுவா வர்ற பஸ்ஸு கண்ணுக்குத் தெரியும்க்கா. தண்ணி எறங்குறது தெரியாது. போன வாரத்துக் கோட்டைப் பாத்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் இந்த வார்த்தை" என்றாய்.

அப்புறம் உன் பிள்ளைகள் வாயில் எந்நேரமும் அதே சொல்தான். வெயில் கிராஜுவலி ஏறுகிறது, கன்றுக்குட்டி கிராஜுவலி வளர்கிறது. ஆடு கிணற்றில் விழுந்ததற்கு மட்டும் மறந்தும் ஒருவன்கூட அதைச் சொல்லவில்லை. என் பிரிவுப் பிள்ளைகளோ பலகையை விட்டுவிட்டு, ஜன்னல் வழியே உன் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பங்குனியில் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். கோடை விடுமுறையில் மதுரையில் ஆங்கிலப் பயிற்சி இருந்தது. எங்கள் பள்ளிக்கு ஓர் இடம்தான். யாரை அனுப்புவது என்று அவர்தான் எழுதிப் போடவேண்டும். போய்வந்தால் டவுனில் ஹைஸ்கூல் வேலை கிடைக்கும், நான் வீடு திரும்பலாம். முதலில் என் வகுப்புக்கு வந்தார். நான் கூசாமல் உன் கண்மாயை எடுத்து என் பாடமாக நடத்தினேன். அந்தக் கரையில் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை நான்.

அவர் இந்தப் பக்கத்துக்காரர். கண்மாய் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல யோசனைம்மா. இப்ப எத்தனை கோடு விழுந்திருக்கு?"

பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அடுத்த வகுப்புக்கு அவரை அழைத்துப் போக வாசலில் நின்ற நீ சொன்னாய்: "ஏழு சார். யோசனை அக்காவோடது. பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயி கோடு போடுறது மட்டுந்தான் நானு."

அவர் என் பெயரை எழுதிக்கொண்டார்.

"எதுக்குடி அப்படிச் சொன்னே?" என்று சாயங்காலம் உன்னிடம் சிடுசிடுத்தேன்.

"நீங்க முழிச்சுக்கிட்டு நிக்கிறதப் பாக்க முடியலக்கா."

நாலு பேர் முன்னால் என்னைத் திருடி என்று சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். நான் மதுரைக்குப் போனேன், அருப்புக்கோட்டைக்கும் வந்து சேர்ந்தேன். நீ அந்தப் பள்ளியிலேயே இருந்து ஓய்வு பெற்றாய். பாடத்தின்மேல் இருந்த பொறாமை அன்றோடு உன் மனசின்மேல் திரும்பிவிட்டது. பாடத்தையாவது எடுத்துக்கொள்ள முடிந்தது. வருஷாவருஷம் அதை என்னுடையதாக நடத்தினேன், கைதட்டலும் வாங்கினேன்.

போன மாதம் துக்கத்துக்கு வந்தேன். உன்னைக் கிடத்தியிருந்த கட்டில் பக்கத்தில் உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெரிய டீச்சர், அம்மா ஒங்களப் பத்திப் பேசாத நாளில்ல. அந்தக் கம்மாப் பாடம் நீங்க கண்டுபிடிச்சதாம்ல? சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாக."

சுற்றிலும் உன்னிடம் படித்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஆமாப்பா" என்றேன்.