தலையாட்டிய பாவத்துக்கு ஒரு வாளிப் பசை

மதினி,

இன்று காலை எதிர்வீட்டுச் சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டினார்கள். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. அந்த வாடை ஜன்னலுக்குள் வந்ததும் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மற்றவர்களுக்கெல்லாம் மல்லிகை வாசத்தில் போனவர்கள் நினைவு வருமாம். எனக்கு நீங்கள் பசை வாடையில்தான் வருகிறீர்கள். நான் வாங்கி வந்த வரம் அப்படி.

ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போகும் பேச்சியம்மாளின் கதையை நாலு வருஷமாக எழுதி முடித்திருந்தீர்கள். அண்ணன் இரும்புக்கடையை விட்டு நகரமாட்டார். அதனால் மதுரையிலிருந்த பதிப்பகத்துக்கு உங்களுக்குத் துணையாகக் கிளம்பியது இந்த மகாவீரன். போடியில் பஸ் ஏறியதிலிருந்து நான் செய்த விளம்பரத்தில், உசிலம்பட்டியில் ஏறிய ஆட்டு வியாபாரிகூட இறங்கும்போது உங்களைக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினார். "கொழுந்தனாரே, புஸ்தகம் வர்றதுக்கு முன்னாடியே என்னய ஊரை விட்டு ஓட வச்சிருவீக போலயே" என்றீர்கள்.

அந்தப் பதிப்பாளரை இப்போது நினைத்தாலும் எனக்கு மேற்குத்தொடர்ச்சி மலையைப் பெயர்த்து அவர் மேசைமேல் வைக்கத் தோன்றுகிறது. புத்தகம் எப்போது வரும் என்று கேட்டது நீங்கள். தை மாதம் என்று அவர் பதில் சொன்னது என் மீசைக்கு. அட்டையில் என்ன படம் என்று கேட்டது நீங்கள். "நல்லதாப் போட்டுருவோம் சார்" என்றதும் மீசைக்குத்தான். முந்நூறு பக்கம் எழுதிய பெண் எதிரே உட்கார்ந்திருக்க, முந்நூறு எழுத்துக்கூட எழுதாத ஒரு மீசையோடு அந்த மனிதர் ஒரு மணி நேரம் பேச்சுவார்த்தை நடத்தினார். அதிலேயே நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபமா பட்டேன்? முறுக்கிவிட்டுக்கொண்டேன்.

நீங்கள் பிழை திருத்துகிறவரைப் பார்க்க அடுத்த அறைக்குப் போனீர்கள். ஒரு கையில் வடையும் மறு கையில் காப்பியுமாக நான். அவர் குனிந்து, "கடைசிப் பக்கத்தை மட்டும் லேசா மாத்திக்கிறோம் சார். குடும்பப் பெண்கள் படிக்கிறது. உங்களுக்குச் சம்மதந்தானே?" என்றார். ஏதோ ஒரு ராஜ்ஜியத்தை என்னிடம் கேட்டு வாங்குவதுபோல இருந்தது. தலையாட்டினேன். என்ன மாற்றம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. நாவலை நான் நாற்பதாம் பக்கம் வரைதான் படித்திருந்தேன் என்பதை இன்றுதான் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

தை மாதம் புத்தகம் வந்தது. கட்டைப் பிரித்து, நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டினீர்கள். நீங்கள் எழுதிய பேச்சியம்மாள், ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வந்த புருஷனிடம், "சோத்தைத் தின்னுட்டுக் கெளம்பு. எனக்கு ஜீப்புக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறவள். அச்சில் இருந்தவளோ அவன் காலில் விழுந்து, வைகை அணையின் ஏழு மதகையும் ஒன்றாகத் திறந்துவிட்டதுபோல் அழுதுகொண்டிருந்தாள்.

"இவ யாருன்னே எனக்குத் தெரியலையே" என்றீர்கள். சத்தம்கூட உயரவில்லை.

அவருக்குக் கடிதம் எழுதினீர்கள். பதில் என் பெயருக்கு வந்தது, மதினி. எழுதியவருக்குப் பதில் போடக்கூட அவருக்குக் கை வரவில்லை. 'ஐயா, தங்கள் ஒப்புதலின் பேரில்தான் முடிவு மாற்றப்பட்டது.' நீங்கள்தான் உறையைப் பிரித்தீர்கள். படித்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

"எழுதுனது நானு. தலையாட்டுனது நீங்களா?"



எட்டு நாள் கழித்து, கடைசிப் பக்கத்தை உங்கள் கையெழுத்தில் எழுதி நூறு ஜெராக்ஸ் எடுத்து என் மடியில் வைத்தீர்கள். "ஊரெல்லாம் அளக்குற வாயி. போயி இதையும் ஒட்டிட்டு வாங்க." பசை காய்ச்சினேன். போடி, சின்னமனூர், கம்பம் என்று நூலகம் நூலகமாக அலைந்து, உங்கள் புத்தகத்தில் அந்த அழுகைப் பக்கத்தின் மேல் ஒட்டினேன். இமயம் முதல் குமரி வரை ஒட்டினேன் என்று உங்களிடம் சொன்னது கொஞ்சம் கூடுதல்தான். பெரியகுளத்தில் நூலகரம்மாவிடம் கையும் பசையுமாக மாட்டிக்கொண்டேன். என்ன காரியம் பண்றீக என்று அதட்டினார். ஒட்டியிருந்த பக்கத்தைப் படித்தார். பிறகு பெரிய அகராதி ஒன்றைத் தூக்கிவந்து புத்தகத்தின் மேல் வைத்து, "நல்லாப் பிடிக்கட்டும்" என்றார். இதைச் சொன்ன அன்றுதான் நீங்கள் மறுபடியும் என்னிடம் சிரித்தீர்கள்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதமாகிறது. போன வாரம் அதே பதிப்பாளர் போன் செய்தார். உங்களுக்கு நினைவுப் பதிப்பு போடுகிறாராம். இருந்தவரை உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசாதவர், இப்போது முகத்தை அட்டை முழுக்கப் போடப் போகிறாராம். "முடிவு அச்சுல வந்ததே இருக்கட்டும் சார், வாசகர்களுக்குப் பழகிருச்சு. பாப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்." பாப்பாவுக்கு முப்பத்தெட்டு வயது. உங்கள் புத்தகத்துக்கு இன்று உரிமைக்காரி. அவளிடம் பேசவும் அவருக்கு ஒரு மீசை வேண்டியிருக்கிறது.

"புஸ்தகத்துக்குச் சொந்தக்காரி பக்கத்துல நிக்கிறா. அவகிட்டக் கேளுங்க" என்று போனைக் கொடுத்தேன். உங்கள் மகள் அதிகம் பேசவில்லை. "எங்கம்மா எழுதுன கடைசிப் பக்கம் வந்தா புஸ்தகம் வரட்டும். இல்லேன்னா வரவே வேணாம். இனிமே எதுன்னாலும் எனக்கே போன் பண்ணுங்க, சித்தப்பாவுக்கு வேண்டாம்" என்று வைத்துவிட்டாள். இன்றுவரை பதில் இல்லை.

வராமலே போனாலும் போகட்டும். பெரியகுளத்து அகராதிக்கு அடியில் பிடித்துக்கொண்ட பசை இருக்கிறது.

மிச்சமிருந்த ஜெராக்ஸில் ஒன்று இன்னும் என் சட்டைப் பையில்தான். முழு நாவலையும் மூன்று தடவை படித்துவிட்டேன், மதினி. இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. இப்போதெல்லாம் யாராவது என்னை 'சார்' என்று கூப்பிட்டால், பதில் சொல்லும் முன் கை தானாகப் பிடரிக்குப் போய், தலை ஆடிவிடாதபடி கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.