ஞாயிற்றுக்கு முதுகு காட்டிய மணலோடி

ஓங்குக செங்கோல், குன்றாதிருக்க ஒளி.

உலகம் தோன்றிய நாள்தொட்டு ஞாயிற்றுக்கு முதுகு காட்டாத ஒரே குலம், சுடரூர் ஆளும் கதிர்குல திலகர், மும்மணல் கொண்ட வெஞ்சுடர்ப் பேரரையரின் குலம். நேற்று வரை இதில் ஐயமில்லை. அன்னாரின் பாலைப் பாசறையிலிருந்து ஓலைநாயகர் பொற்கோவன், சுடரூர்ச் சிறைக்கோட்டத் தலைவர் மழவராயருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டமும் அதன் பூட்டுகளும் நலமாகுக.

விடியலில் ஞாயிற்றுக்கு முதுகு காட்டுவோர் தலை இழப்பர் என்பது நம் நாட்டுச் சட்டம். புரவிக்கு ஈடாக ஓடும் மணலோடிப் பறவையை அரசுச் சின்னமாக்கி, கொடிகளிலெல்லாம் தைத்து முடித்த பிறகே, அது நாள்தோறும் விடியலில் கிழக்குக்கு முதுகைக் காட்டி இறகு விரித்து நிற்பது அவைக்குத் தெரியவந்தது. பறவையைத் திருத்துமாறு பாலைக் காவலன் எயினனுக்கு ஆணை போயிற்று.

எயினன் திருத்தவில்லை, விண்ணப்பித்தான். மணலோடி நீரைத் தேடிப் போவதில்லை, ஓணானும் பாம்புமே அதற்குச் சோறும் தண்ணீரும் என்றான். இரவுக் குளிரில் அதன் உடம்பு விறைத்துப்போகும், முதுகின் கருந்தோல் வெயில் குடித்தால்தான் கால் ஓடும், கால் ஓடினால்தான் பாம்பு அகப்படும் என்றான். கிழக்கு நோக்கிக் கட்டிவைத்த ஒன்று நடுங்கி நடுங்கியே செத்தது என்றும், நம்பாதவர்கள் ஓரிரவு இங்கே வந்து படுத்துப் பார்க்கட்டும் என்றும் முடித்தான். அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே அவன் தங்கள் கோட்டத்தில் தலைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

அரசர் நீதி வழுவாதவர். தலையை வாங்குமுன் படுத்தே பார்த்துவிடுவோம் என்று எழுந்தருளினார். பட்டுக் கூடாரம் வந்தது, மயிற்பீலி மெத்தை வந்தது, பள்ளியெழுச்சி பாடுவோர் நால்வரும் வந்தனர். கம்பளி மட்டும் வரவில்லை. பாலையில் குளிரும் என்பதை அவை ஏற்றுக்கொள்ளவில்லை.

விடிந்தது. மணலோடி முதுகைத் திருப்பிற்று. சற்றைக்கெல்லாம் அதன் பக்கத்தில் இன்னொரு முதுகும் மேலாடை நீங்கிக் காயலாயிற்று. சட்டப்படி நாங்கள் அனைவரும் கிழக்கு நோக்கி நின்றிருந்தபடியால், அது எவருடையது என்பது முகம் பார்த்தே தெரிந்தது.

ஆகவே ஆணையாவது: ஞாயிற்றை முதுகில் ஏந்துதலே இனி மேலான வழிபாடு. ஓலை கண்ட பொழுதே எயினனை விடுவித்து, குதிரை தந்து அனுப்புக. அவன் சிரித்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

மணல் உள்ளளவும் இவ்வாணை நிற்க. அரச முத்திரை இட்டது.

முத்திரை தலைகீழாக இருப்பதால் போலியோ என்று ஐயுற்று அவன் தலையை வாங்கிவிடாதீர். மரபுப்படி முத்திரைப் பீடத்தைக் கிழக்கே வைத்திருந்தோம். அரசர் திரும்ப மறுத்து, கையைப் பின்னால் வளைத்து இட்டார்.