என் லேப்டாப்பில் ஒரு பெயர்

ஜூலை 8, திங்கள்
சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்ட் ஆபீஸ் இது. ஒரு கம்ப்யூட்டர்கூட வாங்க மாட்டார்கள். தினமும் செந்துறையிலிருந்து என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரெட்டிபாளையம் வர வேண்டியிருக்கிறது. "சொந்தமா இருக்குல்ல வெற்றிச்செல்வி, அதுலயே பாரும்மா" என்கிறார் மேனேஜர் நடராசன் சார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

ஜூலை 16
சுரங்கத்தில் பாறை சரிந்து, நாங்கள் வேலைக்கு அனுப்பிய அரியமுத்து அண்ணன் செத்துப்போனார். காலையில் அவருக்கு வருகை போட்டது நான்தான்.

ஜூலை 17
சார் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "பாதுகாப்புப் பயிற்சி லிஸ்ட்ல அரியமுத்து பேரு இல்லம்மா. மே இருபதுல சேத்துடு. கையெழுத்துத் தாள் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கலாம்."
அவருக்குப் பயிற்சியே தரவில்லை. தந்ததாகக் காட்டினால் செத்தவர் மேலேயே தப்பு விழும், நிவாரணமும் போகும். எல்லாம் தெரியும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சேர்த்துவிட்டேன்.

ஜூலை 24
அவர் மனைவி கண்ணகி ஆபீசுக்கு வந்தாள். கையில், விசாரணைக்கு நாங்கள் கொடுத்த அந்தப் பட்டியலின் நகல். சத்தம் போடவில்லை.
"மே இருவது எம்புள்ளைக்குக் காதுகுத்து. அவரு லீவு. நீங்களும்தான வந்து கறிச்சோறு தின்னுட்டுப் போனீங்க?"
ஐயோ — எப்படி மறந்தேன்? பக்கத்துல நின்னு பரிமாறுனாரே, "இன்னொரு துண்டு வச்சுக்கம்மா"ன்னு... அந்தக் கையால வாங்கித் தின்னுட்டு நான் இதைப் பண்ணிருக்கேன். நானெல்லாம் மனுசியா?

ஜூலை 29
விசாரணை அதிகாரியிடம் சார் சொன்னது: "அது அந்தப் பொண்ணோட சொந்த லேப்டாப்புங்க. அதுல என்ன டைப் பண்ணுச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"
என் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.

ஜூலை 30
வேலைக்கு வர வேண்டாமாம்.

ஆகஸ்ட் 5
சார் போன் செய்தார். "லீவுன்னாலும் காலையில பயிற்சிக்கு வந்துட்டுத்தான் போனாருன்னு சொல்லிடும்மா. திரும்ப வேலைக்கு வந்துடலாம்."
யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 9
அரியலூரில் விசாரணை. "அன்று அவர் பயிற்சிக்கு வரவில்லை. இறந்த பிறகு பெயரைச் சேர்த்தது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் சொல்லித்தான் செய்தேன் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். இல்லை. வழக்கு என் மேல்தான் வருமாம். லேப்டாப்பைத் துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்து எடுத்துக்கொண்டார்கள்.
வெளியே கண்ணகி நின்றாள்.
"நெசத்தச் சொல்லிட்டீங்களா?"
"சொல்லிட்டேன்."
தலையை மட்டும் ஆட்டினாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?