நாற்பதாவது எபிசோடு

முபஷ்ஷிராவுக்கு,

தினமும் ஷூ கம்பெனி வேலை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் நாம் சேர்ந்து பார்த்த அந்தக் குடும்ப சீரியலை மறுபடியும் செல்லில் பார்க்கிறேன். வேலை போனவளுக்குப் பகலெல்லாம் வேறென்ன வேலை?

இன்று நாற்பதாவது எபிசோடு. கதாநாயகியை உயிர்த்தோழியே காட்டிக் கொடுப்பாளே, அது. அன்றைக்கு டிவியைப் பார்த்து, "சீ, இவள்லாம் ஒரு பொம்பளையா?" என்று கத்தியவள் நீ.

ஷூ தைக்கும் லைனில் இருக்கும் பெண்களை பாத்ரூம் போக விடுவதில்லை என்று மேனேஜருக்கு மொட்டைக் கடிதம் போட்டோமே. நீ சொல்லச் சொல்லத்தான் நான் எழுதினேன். விசாரணையில் என் ஒருத்தியை மட்டும் கை காட்டினாய். இப்போது நீ சூப்பர்வைசராம். அதற்கு எங்கள் வீட்டுக்கு மக்கன் பேடா வேறு கொடுத்தனுப்புகிறாய். ஸ்வீட் பெட்டியைப் பிரிக்காமலே குப்பையில் போட்டேன்.

என் வேலை போனது உன்னால்தான் என்று அம்மாவுக்குத் தெரியாது. நேற்றும் உனக்கென்று ஒரு டம்ளர் டீ சேர்த்துப் போட்டுவிட்டு, "இன்னாடி, உன் தோஸ்து வர்றதே இல்ல?" என்று கேட்டாள்.

"அவளுக்கு வேலை ஜாஸ்திமா" என்றேன்.

உனக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது.

இப்படிக்கு,
இனி உனக்கு யாரோ ஒருத்தி